நன்னம்பிக்கை முனையின் புரோட்டியா

நீலகிரியிலும் ஏற்காட்டிலும் தேயிலை, காப்பித் தோட்டங்களினூடே நடந்து சென்றவர்கள் நெடிதுயர்ந்த ஒரு மரத்தைக் கண்டிருப்பார்கள். அதன் இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் மின்னும். சில்வர் ஓக் என்று தோட்டத்தார் அதனை வழங்குவர். பெயரில் ஓக் என்று இருப்பினும் அது ஓக் இனத்தைச் சேர்ந்ததன்று; ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நிழலுக்காக நடப்பெற்ற மரம். அது சேர்ந்துள்ள குடும்பத்திற்குப் புரோட்டியா குடும்பம் என்று பெயர். அந்தக் குடும்பத்திற்கே தன் பெயரை அளித்த செடி, கடல் கடந்து, தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில், நன்னம்பிக்கை முனையின் மலைச்சரிவுகளில் வளர்வது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியினர் சட்டையில் அணிந்திருக்கும் மலர்ச் சின்னம் அதுவே. அந்த மலரை மனிதர் வளர்க்கக் கற்றுக்கொண்ட வரலாற்றையே இங்குச் சொல்ல முற்படுகிறேன். எளிதில் கற்றுக்கொள்ளவில்லை என்பதை முன்னரே சொல்லிவிடலாம்.

புரோட்டியா ஒரு பூவைப்போல் தோன்றினாலும் உண்மையில் அது ஒரு பூவன்று. நம் சூரியகாந்தியைப்போலச் சிறு பூக்கள் பல நெருங்கி நின்று ஒரு திரளாகின்றன. அத்திரளைச் சுற்றி, இதழ் என்று நாம் மயங்கும் வண்ணச் செதில்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. இவ்வினத்தில் அரசப் புரோட்டியா என்று சிறப்பிக்கப்பெறும் வகையின் மலர்த்திரள் ஏறக்குறைய ஓரடி அகலம் வரை விரியும். வேறு சில வகைகள் விரல்நுனி அளவினவாய்த் தரையோடு தரையாக ஒளிந்து பூக்கும். ஊசிபோன்ற இலை, அகன்ற இலை, வெண்மயிர் போர்த்த இலை என இலைகளிலும் எத்தனையோ வேறுபாடு. இந்தப் பன்மையைக் கண்டு வியந்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1735-ஆம் ஆண்டில், நினைத்தபோது நினைத்த உருவெடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வமாகிய புரோட்டியஸின் பெயரை இதற்குச் சூட்டினார். பெயர் பொருத்தமானதுதான். ஆயினும் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே இம்மலர் ஐரோப்பாவை எட்டியிருந்தது. ஒல்லாந்தக் கப்பலோட்டிகள் கொண்டு சென்ற உலர்ந்த மலர்த்தலை ஒன்றைக் குளூசியஸ் என்ற தாவர நூலார் 1605-ஆம் ஆண்டில் தம் நூலில் படமாக வரைந்து வெளியிட்டார். அவர் அதனை அழகிய ஒரு முட்செடி வகை என்று கருதினார். உலர்ந்த தலையை மட்டும் கண்டவர் வேறென்ன கருத முடியும்?

உலர்ந்த பூவைப் படத்தில் வரைவது வேறு. உயிர்ச்செடியை நட்டு வளர்ப்பது வேறு. முனையில் குடியேறிய ஐரோப்பியர் இக்குடும்பத்துச் செடியொன்றை வரிசையாக நட்டது அழகுக்காகவன்று, வேலிக்காக.

1652-ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் யான் வான் ரீபெக் என்பவர் முனையில் வந்திறங்கினார். கீழ்த்திசை செல்லும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் தருவதே அங்குக் குடியிருப்பு அமைத்ததன் நோக்கம். அந்நிலம் ஆளில்லாத நிலமன்று. கோய்கோய் மக்கள் தம் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு பருவந்தோறும் அங்கு வந்து மேய்ப்பது வழக்கம். 1657-ஆம் ஆண்டில் கம்பெனி தன் பணியாளர் சிலரை விடுவித்து உழவராக்கி, நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்தது. மேய்ச்சல் நிலம் வயலாயிற்று; மாடுகளுக்கு வழி அடைபட்டது; 1659-ஆம் ஆண்டில் போர் மூண்டது. மறு ஆண்டு சமாதானப் பேச்சு நடந்தது. அப்பேச்சின் விவரம் வான் ரீபெக்கின் நாட்குறிப்பிலேயே பதிவாகியுள்ளது; தோற்றவர் எழுதிய குறைப்பாட்டன்று, வென்றவர் எழுதி வைத்த கணக்கு. கோய்கோய்த் தலைவர்கள் நிலம் தங்களுடையது என்று வாதித்தனர். தாங்கள் ஒல்லாந்து நாட்டிற்கு வந்து இவ்வாறு செய்தால் பொறுப்பீர்களா என்று வினவினர். அதற்கு விடை கிடைக்கவில்லை. இறுதியில், நிலம் போனாலும் போகட்டும், அங்கே காடாக விளையும் கசப்பு வாதுமையைப் பொறுக்கிக்கொள்ளவும் கிழங்கு அகழ்ந்துகொள்ளவுமாவது அனுமதி வேண்டும், குளிர்காலத்துக்கு அதுவே எங்கள் உணவு என்று கேட்டனர். அதுவும் மறுக்கப்பெற்றது. மறுத்ததற்கு நாட்குறிப்பு இரண்டு காரணங்கள் தருகிறது. உள்ளே வரவிட்டால் குடியேறியவர்களுக்குத் தீங்கு செய்ய வாய்ப்பாகும் என்பது ஒன்று. அந்த ஆண்டு அந்த வாதுமைக் கொட்டைகள் தங்களுக்கே தேவை, காவல் வேலி அமைக்க அவற்றை நடவேண்டும் என்பது மற்றொன்று.

அந்தக் காட்டு வாதுமை, வாதுமைக்கு உறவன்று. புரோட்டியா குடும்பத்து மரம். அதன் கொட்டை பச்சையாகத் தின்றால் நஞ்சு. கோய்கோய் மக்கள் அதனை நீரில் ஊறவைத்தும் வறுத்தும் நஞ்சு நீக்கி உண்ணக் கற்றிருந்தனர். அவர்கள் குளிர்காலத்துக்குத் தின்னக் கேட்ட கொட்டையே மண்ணில் ஊன்றப்பெற்று, அவர்களை உள்ளே வரவொட்டாது தடுக்கும் வேலியாக முளைத்தது. கிளைகள் நாலாபுறமும் தாழ்ந்து பின்னிக்கொள்ளும் இயல்புடைய மரமாதலின் வேலிக்கு ஏற்றதுதான். 1660-ஆம் ஆண்டில் நட்ட அவ்வேலியின் எச்சம் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அழியாமல் இன்றும் நிற்கிறது. அது நிற்கும் இடத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் செல்வர்களிடையே அயல்நாட்டுச் செடி வளர்க்கும் மோகம் பரவிற்று. 1772-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ அரச தோட்டத்தார், பிரான்சிஸ் மேசன் என்ற தோட்டக்காரரைச் செடி திரட்டுவதற்கென்றே முனைக்கு அனுப்பினர். குக் தளபதியின் கப்பலில் ஏறிச் சென்றவர் அவர். அவரும் ஸ்வீடனிலிருந்து வந்த துன்பெர்க்கும் மாட்டு வண்டிகளில் மலைகடந்து அலைந்து எண்ணற்ற செடிகளைத் திரட்டினார்கள். புரோட்டியா விதைகள் கப்பலேறின. கண்ணாடி இல்லங்களில் அவை முளைத்தன, பூக்கவும் பூத்தன. லண்டன் அருகே கிளாப்பம் என்னுமிடத்தில் ஜார்ஜ் ஹிபர்ட் என்ற வணிகர் வைத்திருந்த புரோட்டியாத் தொகுதி பெரும்புகழ் பெற்றது. அவர் ஜேம்ஸ் நிவென் என்பவரைத் தம் செலவில் முனைக்கு அனுப்பிச் செடி திரட்டினார். நிவெனின் பிந்தைய பயணச் செலவில் நெப்போலியனின் மனைவி ஜோசபீனும் பங்குகொண்டார். ஹிபர்ட்டின் செல்வம் ஜமைக்காக் கரும்புத் தோட்டங்களோடு தொடர்புடைய வணிகத்தில் விளைந்தது என்பதையும், அடிமை வாணிகத்தை ஒழிக்கக் கூடாதென்று வாதாடியோரில் அவர் முன்வரிசையில் நின்றார் என்பதையும் விட்டுவிட்டு இந்தப் பூக்களை மட்டும் புகழ எனக்கு மனமில்லை.

ஹிபர்ட்டின் தோட்டக்காரர் ஜோசப் நைட் கெட்டிக்காரர். இக்குடும்பத்துச் செடிகளை வளர்க்கும் முறை குறித்து 1809-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வளர்ப்பு முறை பற்றிய பகுதி சில பக்கங்களே. மிகுதியெல்லாம் செடிகளின் வகைப்பாடு. அந்த வகைப்பாடுதான் வம்பாயிற்று. அதே ஆண்டுத் தொடக்கத்தில் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ராபர்ட் பிரவுன் என்ற அறிஞர் இக்குடும்பம் பற்றித் தம் ஆராய்ச்சியைப் படித்திருந்தார். அவையில் அமர்ந்து கேட்ட சாலிஸ்பரி என்பவர், கேட்டவற்றை நினைவில் கொண்டுபோய், பிரவுனின் கட்டுரை அச்சேறுமுன் நைட்டின் நூலில் தாமிட்ட பெயர்களோடு வெளிப்படுத்திவிட்டார். கல்வித் திருட்டு என்று அறிஞர் உலகம் அவரை ஒதுக்கி வைத்தது. செவியால் திருடினவர் என்று சொல்லலாம்!

இத்தனை ஆர்வமும் ஒரு தலைமுறைக்குள் அடங்கிப்போயிற்று. அக்காலத்துக் கண்ணாடி இல்லங்கள் அடுப்பு வைத்து, சுவரினுள் சூட்டுக்காற்று செல்லும் வழிகளால் வெப்பமூட்டப்பெற்றன. காற்று உலர்ந்திருந்தது. முனையின் மலைக்காற்றுக்கு அது ஓரளவு ஒத்ததாக அமைந்தது. அமைந்ததை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பின்னர் நீராவியும் வெந்நீர்க் குழாயும் வந்தன. இல்லங்களுள் ஈரப்பதம் நிறைந்தது. ஆர்க்கிட்களும் பெரணிகளும் களித்துச் செழித்தன. புரோட்டியாக்கள் கறுத்து மடிந்தன. போதாக்குறைக்கு நல்ல எருவும் மிகுந்த நீரும் இட்டனர். செடி வாடினால் எரு இடுவதுதானே தோட்டக்காரன் இயல்பு! கியூ தோட்டத்தில் அரசப் புரோட்டியா 1826-ஆம் ஆண்டில் பூத்ததன்பின், மீண்டும் பூக்க 1986-ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எரு இட்டால் மடியும் செடி என்பது நம் உழவர்க்கு வியப்பாகத் தோன்றும். அதன் காரணத்தைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். முனையின் மலைகள் மணற்பாறையாலானவை. அப்பாறை தேய்ந்து உண்டான மண் புளிப்புத்தன்மை மிக்கது, சத்து அற்றது, மழைநீர் நில்லாமல் வடிந்துவிடுவது. பயிர்களுக்கு இன்றியமையாத பாஸ்பரஸ் அதில் அணுவளவே உண்டு. இந்த வறுமையில் வாழ்வதற்கென்று புரோட்டியா ஒரு வேர் அமைப்பைப் பெற்றிருக்கிறது. மழைக்காலத்தில் மண்ணின் மேற்பரப்பை ஒட்டி, புட்டி கழுவும் தூரிகையைப்போலச் சன்னமான வேர்கள் கொத்துக் கொத்தாகத் தோன்றும். அவை அமிலங்களைக் கசியவிட்டு, மண்ணோடு இறுகிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து உறிஞ்சும். அவ்வாறு உறிஞ்சப் பழகிய வேருக்கு, போதும் என்று நிறுத்தத் தெரியாது. பாஸ்பேட் உரம் இட்டால் அளவின்றிக் குடித்து நஞ்சேறி இறக்கும். அந்த வேர்களுக்குத் தனிப்பெயர் இட்டு முறையாக விளக்கிய ஆராய்ச்சி ஆஸ்திரேலியாவில் 1960-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. ஹிபர்ட்டின் காலத்துத் தோட்டக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை.

1913-ஆம் ஆண்டில் கேப் டவுன் நகரத்தில், மேசைமலையின் கீழ்ச்சரிவில், கிர்ஸ்டென்பாஷ் தாவரத் தோட்டம் தொடங்கப்பெற்றது. செசில் ரோட்ஸ் தம் சாவுக்குப்பின் நாட்டிற்கென விட்டுச்சென்ற நிலம் அது. புறக்கணிக்கப்பட்டுப் பன்றிகள் மேய்ந்துகொண்டிருந்த அந்நிலத்தைத் தோட்டமாக்கியவர் ஹரால்ட் பியர்சன் என்ற பேராசிரியர். அந்நாட்டுச் செடிகளை அந்நாட்டு மண்ணிலேயே வளர்ப்பது என்ற கொள்கை அவருடையது. இன்று எளிதாகத் தோன்றும் இக்கொள்கை அன்று புதுமை. தாவரத் தோட்டமென்றால் தொலைநாட்டுச் செடிகளின் காட்சிசாலை என்றே அப்போது எண்ணினர். மூன்றே ஆண்டில், 1916-இல், பியர்சன் காலமானார். தோட்டத்துள்ளேயே அவரை அடக்கம் செய்தனர். வான் ரீபெக் வேலியின் எச்சம் நிற்பதும் இத்தோட்டத்தில்தான்.

தோட்டத்தின் பணிகளுள் ஒன்றைச் சொல்கிறேன். நாணும் மணமகள் என்று அழைக்கப்பெறும் மெல்லிய வெண்சிவப்பு மலர்ச்செடி ஒன்று இக்குடும்பத்தில் உண்டு. 1773-ஆம் ஆண்டளவில் துன்பெர்க் அதனைக் கண்டார். பின் நூறாண்டுக்கு மேல் எவர் கண்ணிலும் படவில்லை. 1891-ஆம் ஆண்டில் பிரான்ஷ்ஹுக் மலைகளில் மறுபடி கண்டெடுக்கப்பெற்றது. கிர்ஸ்டென்பாஷில் விதையிலிருந்து வளர்த்து, விதைகளை எங்கும் பரப்பினர். இன்று உலகெங்கும் மணமாலைகளில் அது இடம்பெறுகிறது. ஆனால் சொந்த மலையில் அது நாளுக்கு நாள் அருகிக்கொண்டே வந்தது. அரிய செடியாயிற்றே என்று தீ அணுகாமல் அதனைப் பாதுகாத்தனர். காத்ததே கேடாய் முடிந்தது.

இம்மலைகளில் பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடையில் தீப்பரவுதல் இயற்கை. பெரும்பாலான புரோட்டியா வகைகள் தம் விதையை உலர்ந்த மலர்த்தலையினுள் பல ஆண்டு பூட்டி வைத்திருக்கும். தாய்ச்செடி தீயில் மாண்டபின்னரே தலை விரிந்து விதை கொட்டும். அரசப் புரோட்டியா தண்டு கருகினாலும் மண்ணுக்குள் பருத்திருக்கும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். வேறு சில உறவினங்களின் விதைகளை எறும்புகள் மேலுறையை விரும்பி இழுத்துச்சென்று வளையில் புதைத்து வைக்கும். தீ வந்து போகும் வரை அவை அங்கே உறங்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்தேறிய எறும்பு, மேலுறையை மட்டும் தின்றுவிட்டு விதையை வெயிலில் போட்டுவிடுகிறது என்பது 1980-களில் கண்டறியப்பட்ட ஒரு கவலை. தீ பகையன்று என்பதை அதிகாரிகள் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. 1960-களின் பிற்பகுதியிலிருந்துதான் காலமறிந்து மலையைக் கொளுத்தும் முறைக்கு அவர்கள் திரும்பினர். 1922-ஆம் ஆண்டில் ஸ்டோக்கோ என்ற மலையேறி கண்டெடுத்த மிமெட்டிஸ் வகையொன்று, அழிந்தே போயிற்று என்று எழுதப்பட்டபின், 1971-ஆம் ஆண்டளவில் தீ எரிந்த நிலத்தில் மண்ணுள் கிடந்த விதையிலிருந்து முளைத்தெழுந்தது.

1990-ஆம் ஆண்டில் டி லாங், பௌச்சர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டனர். முளைக்க மறுக்கும் மலைச்செடி விதை ஒன்று, வெப்பமே இல்லாமல் குளிர்ந்த புகையை மட்டும் செலுத்தினாலும் முளைத்தது. தொடர்ந்து கிர்ஸ்டென்பாஷில் செய்த சோதனைகளில், புரோட்டியா குடும்பத்துச் செடிகள் சிலவும் அம்மலைகளின் பிற செடிகள் பலவும் புகைக்கு விழித்தெழுவது தெளிவாயிற்று. புகை ஊட்டிய நீரிலேயே அந்த ஆற்றல் தங்கும். அந்நீரில் தோய்த்து உலர்த்திய தாளை விதை விதைப்போருக்கு விற்கவும் தொடங்கினர். புகையிலுள்ள எப்பொருள் இதனைச் செய்கிறது என்பதை 2004-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர்கள் பிரித்தறிந்தனர்.

வயலில் பயிராக இம்மலரை வளர்க்க முனைந்தவர்களில் இருவரைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. ஸ்டெல்லன்பாஷ் அருகே டெவன் பள்ளத்தாக்கில் பிராங்க் பேட்சலர் என்பவர் 1940-களில் தொடங்கிப் புரோட்டியாவை வரிசை வரிசையாக நட்டு, சிறந்த செடிகளைத் தெரிந்தெடுத்துப் பெருக்கினார். அந்நிலத்தைப் பிற்காலத்தில் இயற்கைப் பாதுகாப்புக்கென்றே கொடையாக அளித்தார். மாரி வோக்ட்ஸ் என்ற அம்மையார் மலை மலையாகச் சென்று, ஒரே வகைச் செடி இடத்துக்கு இடம் நிறத்திலும் பூக்கும் பருவத்திலும் வேறுபடுவதைக் குறித்தார். அவர் 1958-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட நூல் வளர்ப்போர் கையேடாயிற்று. இவர்கள் கற்றுத்தந்தவை எளியவை. ஆனால் தோட்டக்காரன் கையைக் கட்டிப்போடுபவை. செடியைச் சுற்றிக் கொத்தாதே. கொத்தினால் மேல்வேர் அறும். களை வராமல் சருகு மூடி வை. நீர் தேங்காத சரிவில், காற்று உலாவும் வெளியில் நடு. இலையை நனைக்காதே. இரவு குளிர்ந்து பகல் வெதுவெதுப்பாய் இருக்கும் இலையுதிர் பருவத்தில் விதை. மலரைக் கொய்யும்போது கீழே ஒரு சாண் அளவு இலையுள்ள தண்டை விட்டுவை. இலையற்ற கட்டையிலிருந்து பெரும்பாலான வகைகள் மீண்டும் துளிர்க்கமாட்டா. விதையிட்டு நான்கைந்து ஆண்டு பொறுத்தால்தான் முதல் மலர். இவ்வாறு கற்ற கலை இன்று ஹவாய்த் தீவின் எரிமலைச்சரிவு, கலிபோர்னியா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல், போர்த்துகல் எனப் பரவியிருக்கிறது. அரசப் புரோட்டியா 1976-இல் தென்னாப்பிரிக்காவின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்றது. நிறவெறி ஆட்சி நீங்கியபின், 2000-ஆம் ஆண்டில் அமைந்த புதிய அரசச் சின்னத்திலும் புரோட்டியா இடம்பெற்றது.

இனி, மண்ணில் கைவைத்து உழைத்தவர்களைப் பற்றி ஒரு செய்தி. ஒல்லாந்தர் காலத்தில் முனைக்கு அடிமைகள் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். மடகாஸ்கர், கீழைத் தீவுகள், வங்காளம், மலையாளக் கரை ஆகியவற்றோடு நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் மக்கள் போனார்கள்; பெயருக்குப் பின்னால் ‘சோழமண்டலத்தவன்’ என்று ஒல்லாந்த மொழியில் குறிக்கப்பெற்றவர்களைப் பழைய ஆவணங்களில் காணலாம். 1830-களில் அடிமைத்தளை நீங்கியபின், விடுதலை பெற்றவர் சிலர் மேசைமலையின் கீழ்ச்சரிவில், கிர்ஸ்டென்பாஷுக்கு அண்மையில் குடியமர்ந்தனர். அவ்வூர் பிற்காலத்தில் புரோட்டியாச் சிற்றூர் என்று பெயர் பெற்றது. தோட்டம் தொடங்கியபோது அங்கே வேலைக்கு வந்தவர் பலர் இவ்வூரார். தந்தையும் மகனுமாகத் தலைமுறை தலைமுறையாக நாற்றங்காலிலும் பாத்தியிலும் உழைத்தனர். 1950-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குழுப்பகுதிச் சட்டம் அவ்விடத்தை வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாக்கிற்று. 1960-களில் குடும்பங்கள் அகற்றப்பட்டு, தொலைவிலுள்ள கேப் பிளாட்ஸ் மணல்வெளிக்கு அனுப்பப்பெற்றன. வீடுகள் பல இடிக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பிய நல்லாயன் தேவாலயம் இடிபடாமல் நின்றது. பெயர்க்கப்பட்ட குடும்பத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வளவு தூரம் கடந்து அங்கேயே வழிபட வந்துகொண்டிருந்தனர். 2006-ஆம் ஆண்டில் 86 குடும்பங்களின் உரிமைக் கோரிக்கை ஏற்கப்பெற்று, நிலத்தைத் திருப்பித் தருவதென உடன்பாடு ஆயிற்று. ஆயினும் தடைமேல் தடை நேர்ந்தமையால், வீடு கட்டும் பணி தொடங்கப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. வெளியேற்றப்பட்டபோது இளைஞராயிருந்தோரில் பலர் அதற்குள் முதுமை எய்திவிட்டனர். சிலர் காலமாகியும் விட்டனர்.